நான் பிரித்துவைத்த பந்தல்

பலெர்மோ,
26.10.1997

அன்பு மகள் கிருசாந்தினிக்கு,

அப்பா எழுதுகிறேன். முருகன் புண்ணியத்தில் நான் சுகமாக இருக்கிறேன். ஒஸ்லோக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுப் பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று காலையில் திருநீறு பூசும்போது கேட்டுக்கொள்கிறேன். சீசாப் பகுதியில் நான் இருக்கிற வீட்டுக்கு நாலு மாடி ஏறும்போது முழங்கால் முறைப்பாடு சொல்கிறது, நான் காது கொடுப்பதில்லை. உன் கடிதம் வந்து மூன்று கிழமை. அதைச் சட்டைப்பையில் வைத்தபடி ஒரேத்தோத் தெருவுக்கு வேலைக்குப் போய் வந்தேனே தவிர பதில் எழுதவில்லை. போன ஞாயிறு ரெலிபோனில் கடிதம் கிடைத்ததா என்று கேட்டாய், தபால் பிந்துது பிள்ளை என்று சொன்னேன். அது பொய். மாசியில் அந்தப் பிள்ளை தங்காமல் போனதையும், இப்போது நாலாம் மாதத்தில் படிக்கட்டு இறங்கவே பயப்படுவதையும் எழுதிவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டிருந்தாய். அம்மா போய் வருசம் திரும்ப முந்தித் தாலி கட்டினனே அப்பா, அந்தப் பாவந்தானோ, இதுவும் தங்காதோ என்று. அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. அதைச் சொன்னால் நீ என்னை என்ன நினைப்பாய் என்றுதான் மூன்று கிழமை பேனையைத் தொடவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன், அதற்கு முதல் சிஞ்ஞோர் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும், அது இல்லாமல் எனக்கு வாய் வராது.

சிஞ்ஞோர் விதாலேயைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேன், நான் பார்த்துக்கொள்ளும் எண்பத்துமூன்று வயதுக் கணக்கு வாத்தியார். யூதச் சமயத்தவர். இந்த ஊரில் அவர்களுக்குக் கோயில் இல்லை, ஆட்களும் விரல்விட்டு எண்ணும் அளவுதான், அதனால் மனிதர் தன் சமயம் முழுவதையும் தனியாளாக வீட்டுக்குள் நடத்துகிறார். பாண் பிய்த்தால் நன்றி, தோடம்பழம் உரித்தால் நன்றி, இடி இடித்தால் நன்றி, கழிவறையால் வந்து கை கழுவினாலும் நன்றி. ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்ல வேண்டுமாம். அந்த வயதில் கழிவறைக் காரியம் ஒழுங்காக நடந்தால் யாரும் நன்றி சொல்லத்தான் செய்வார்கள் என்று நான் ஒருநாள் பகிடி விட்டேன், சிரித்துவிட்டு அதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன் என்றார்.

ஐப்பசியில் அவர்களுக்கு ஒரு பெருநாள் வரும். வெளியில் ஒரு சின்னப் பந்தல் போட்டு ஏழு நாள் அதற்குள் இருந்து சாப்பிட வேண்டும். சிஞ்ஞோருடையது மேல்மாடிப் பல்கனி, மேலே வானம்தான். ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் உணவகத்தில் கோப்பை கழுவுகிற கோபாலசிங்கம் அந்தக் கடைக்காரனின் மூன்று சில்லு வண்டியில் நாணல் தடியும் பேரீச்ச மட்டையும் கொண்டுவந்து தந்தான். இந்த வருடம்தான் முதல்தரம் அந்த வேலையை என்னிடம் விட்டார், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நின்று கட்டினேன். மட்டையைக் கிடுகு மாதிரி நெருக்கி அடுக்கிவிட்டுப் பெருமையோடு நின்றால், சிஞ்ஞோர் தடியால் காட்டி இடையிடையே விலக்கு, வானம் தெரிய வேண்டும் என்றார். மாதுளம்பழமும் எலுமிச்சம்பழமும் கட்டித் தொங்கவிட்டேன். திங்கள் காலையில் ரோமாபுரியிலிருந்து போன் வந்தது. அவருடைய தம்பி போய்விட்டார், ஒரேயொரு தம்பி, அன்றைக்கே அடக்கம். இவர் இருக்கிற நிலையில் பயணம் போக முடியாது. சட்டையின் கழுத்தைத் தானே கிழித்துக்கொண்டு, குசினியில் நான் வெங்காயம் உரிக்கிற சின்ன முக்காலியில் போய் இருந்தார். கண்ணாடியைத் துணியால் மூடச் சொன்னார். ஏழு நாள் இப்படித் தரையோடு இருக்க வேண்டுமாம். எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை, செத்தவீடு எங்கேயும் செத்தவீடுதான். அவர் அழுதுகொண்டிருக்க நான் சத்தமில்லாமல் பல்கனிக்குப் போய்ப் பழங்களை அவிழ்த்தேன், மட்டையை இறக்கினேன், தடிகளைக் கட்டிப் பெட்டி அறைக்குள் வைத்தேன். துக்க வீட்டில் அலங்காரம் எதற்கு என்று ஒருவர் சொல்லித்தானா செய்ய வேண்டும். நல்ல காரியம் செய்தேன் என்றே நினைத்தேன்.

புதன்கிழமை மத்தியானம் அவர் முக்காலியை விட்டு எழும்பி, தடியை ஊன்றிக்கொண்டு பல்கனிக்குப் போனார். வெறும் நிலத்தைப் பார்த்தார். யார் பிரித்தது என்று கேட்டார். துக்கத்துக்குரிய மரியாதை என்று சொன்னேன். ஏழு வருடத்தில் என்னை ஒரு சொல் கடிந்து பேசாத மனிதர் அன்றைக்குக் கோபித்தார். பொழுது படுகிறபோது பெருநாள் தொடங்குகிறது, பெருநாள் தொடங்கினால் துக்கம் அந்த நிமிடத்தோடு எழும்பிப் போக வேண்டும், மூன்று நாள்தான் இருந்தாய் என்றாலும் மிச்சம் நாலு நாளும் இல்லை என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. தம்பி போய் மூன்று நாளில் எப்படிச் சந்தோசம் வரும் சிஞ்ஞோர் என்று நானும் சற்றுச் சூடாகக் கேட்டேன். வரும் என்று யார் சொன்னது, வந்தால்தான் கொண்டாடுவது என்றால் உலகத்தில் யார் கொண்டாடுவார், இது எனக்கு இட்ட கட்டளை, பாணுக்கு நன்றி சொல்வது போலச் சந்தோசமும் செய்ய வேண்டிய ஒரு வேலை என்றார். பிறகு கதிரையில் இருந்து மூச்சு வாங்கிவிட்டு என் பெயரைக் கூப்பிட்டுச் சொன்னார், பேரின்பம், எங்கள் சட்டத்தில் ஒன்று இருக்கிறது, ஒரு சந்தியில் பிரேத ஊர்வலமும் கல்யாண ஊர்வலமும் எதிர்ப்பட்டால் பிரேதம்தான் ஒதுங்கி நிற்க வேண்டும், மணப்பெண் முதலில் போக வேண்டும்.

அதைக் கேட்டு நான் பெட்டி அறைக்குப் போய்த் தடிக்கட்டை அவிழ்த்தேன். பிறகு பொழுது படுவதற்குள் அந்தப் பந்தலை மறுபடி கட்டி முடித்தேன், கை எப்படி ஓடியதென்று தெரியவில்லை. உன் கல்யாணத்துக்கு ஒரு தோரணம் பிடித்துக் கட்டாத கை. சிஞ்ஞோர் வெள்ளைச் சட்டை போட்டு வந்து, வைன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, இந்த நாள் வரைக்கும் எங்களை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தவருக்கு நன்றி என்று தங்கள் பாசையில் சொன்னார். சொல்லும்போது கண்ணீர் தாடியில் ஓடியது, ஆனாலும் ஒரு சொல் குறையாமல் சொல்லி முடித்தார். அடுத்த நாள் மத்தியானம் சாப்பிட்ட பிறகு சொல்கிற நீண்ட நன்றியை மறந்துவிட்டுப் போய்ப் படுத்தார். நினைவு வந்ததும் எழுப்பிக் கூட்டிப்போகச் சொன்னார். படுக்கையில் இருந்தே சொல்லுங்கள், கடவுளுக்குக் காது கேட்கும் என்றேன். சாப்பிட்ட இடத்துக்குத் திரும்பிப் போய்ச் சொல்வதுதான் முறை, வயிற்றில் சாப்பாடு செரிக்கும் மட்டும் நேரம் இருக்கிறது, அதற்குப் பிறகு சொல்ல முடியாது என்று பிடிவாதமாக வந்து அதே கதிரையில் இருந்து சொன்னார்.

இனி நம் கதை. தொண்ணூற்றைந்தில் தையில் அம்மா போனார், ஆவணியில் ஒஸ்லோவில் உன் கல்யாணம். மாப்பிள்ளையின் தாய் யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று மாத விசாவில் வந்து நின்றார், அவர் திரும்ப முதல் நடக்க வேண்டும் என்று நீ காரணம் சொன்னாய். வருசம் திரும்பி ஆட்டத்திவசம் முடியாமல் என் வீட்டில் மேளம் கேட்காது என்று நான் போனை வைத்தேன். என்னிடம் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி இருந்தது, சிஞ்ஞோர் லீவும் தந்தார், கோபாலசிங்கம் வந்து அண்ணை ஒருக்காப் போட்டு வாங்கோ, ஒரு பிள்ளைதானே என்று கெஞ்சினான். நான் போகவில்லை. உன்னைத் தாரை வார்த்தது சித்தப்பா ஆனந்தராசா. தாலி ஏறிய கையோடு நீ போன் எடுத்தாய். அம்மான்ரை சாம்பல் ஆறேல்லை, உனக்குப் பட்டுச்சேலை கேக்குதோ என்று கேட்டேன். உனக்குப் பின்னால் மேளச்சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சொல்லைத்தான் இரண்டு வருடமாக நீ வயிற்றில் சுமக்கிறாய் என்று உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

நான் உனக்குச் சொல்லாதது இதுதான். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசிக் கிழமை, ஒரு பின்னேரம், கஞ்சி பருக்கிவிட்டு வாயைத் துடைக்கும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினார். இஞ்சாருங்கோ, நான் போனால் அதைச் சாட்டிப் பிள்ளையின்ரை காரியத்தைத் தள்ளிப்போடாதையுங்கோ, வருசம் மாசம் எண்டு பாக்கவேண்டாம், மேளம் பிடிச்சு எல்லாருக்கும் வயிறு நிறையச் சோறு போட்டுச் செய்யுங்கோ, நான் சொன்னனெண்டு அவளிட்டைச் சொல்லுங்கோ என்றார். ஓம் என்றேன். பிறகு சொல்லவில்லை. அவர் இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்காமல் இருக்க, நீங்கள் எல்லோரும் பூமாலை வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை. நான் ஒருவன்தான் அவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று ஊருக்குக் காட்ட வேண்டியிருந்தது. அதற்கு அவருடைய சொல்லையே விழுங்கினேன். நீ ஒரு பாவமும் செய்யவில்லை பிள்ளை. உன் அம்மா தானாகவே ஒதுங்கி நின்று உனக்கு வழி விட்டுத்தான் போனார். சந்தியில் மறித்துக்கொண்டு நின்றவன் நான்.

மன்னித்துவிடு என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். இதை மாப்பிள்ளைக்கும் வாசித்துக் காட்டு, அவரிடமும் எனக்கு முகம் இல்லை. படிக்கட்டில் பயமில்லாமல் இறங்கு, கைபிடியை மட்டும் விடாதே. இரும்புச்சத்துக் குளிசையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு, காலுக்குக் கம்பளிச் சப்பாத்துப் போடாமல் நிற்காதே. தீபாவளி வருகிறது, தலையில் எண்ணெய் வைத்துப் புது உடுப்பு உடுத்து ஏதாவது இனிப்புச் செய்து சாப்பிடு, சிரிப்பு வராவிட்டாலும் சிரி. பங்குனியில் சிஞ்ஞோர் எனக்கு ஒரு மாதம் லீவு தருகிறார், அவரைப் பார்க்கக் கோபாலசிங்கத்தின் மனைவி சறோஜா ஒத்துக்கொண்டிருக்கிறார். விசாவுக்கு நாளைக்கே எழுதிக் கொடுப்பேன். வந்தால் முதலில் அந்தக் கல்யாண மண்டபத்துக்கு என்னைக் கூட்டிப் போ, இப்போது அங்கே என்ன நடந்தாலும் பரவாயில்லை. மணவறை இருந்த இடத்தைக் காட்டு. நீயும் மாப்பிள்ளையும் அதில் நில்லுங்கள். அன்றைக்கு வாழ்த்தாத வாயால் அங்கே நின்று வாழ்த்த வேண்டும், சிஞ்ஞோர் சொன்ன கணக்கில் நேரம் இருக்கிறது, எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

அம்மாவின் ஆசியோடும் என் ஆசியோடும்,
உன் அப்பா
வே. பேரின்பநாயகம்