வேப்ப உத்திரம்

மாமா,

இன்று அவிநாசி சாலையில் பஸ் வெகுநேரம் நின்றுவிட்டது. சாலையை அகலமாக்க, ஓரத்தில் நின்ற வேப்பமரத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள். மெஷின் ரம்பத்தின் இரைச்சலுக்கு முன்பே அந்த வாடை ஜன்னல் வழியாக வந்துவிட்டது. பக்கத்துச் சீட்டுப் பெண் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேம்பு அறுபடும் வாடை வந்தால் இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு வருவது கூச்சம்தான்.

உங்கள் மகன் என்னையும் குழந்தையையும் விட்டுப் போனது தொண்ணூறுகளின் நடுவில். போனது தனியாக அல்ல, நம் வீதியிலேயே இருந்த மர ஆசாரியின் மகளோடு. இருவரும் ஒரே தறிக்குடோனில் வேலை செய்தவர்கள். கருமத்தம்பட்டி முழுக்க அன்றைக்கே தெரிந்துவிட்டது. குழாயடியில் நான் குடத்தோடு போனால் பேச்சு நிற்கும். நீங்கள் டீக்கடைக்குப் போவதையே விட்டுவிட்டீர்கள்.

இன்னொன்றும் மாறியது. அதுவரை என்னைக் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவீர்கள். மகன் போன பிறகு அந்த வார்த்தை உங்கள் வாயில் வரவேயில்லை. "சாப்பிட்டாச்சுங்களா", "குழந்தை தூங்கிருச்சுங்களா" என்று யாரோ வெளியாளிடம் பேசுவதுபோல, சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்பீர்கள். ஒவ்வொரு "ங்க"வும் எனக்கு வலித்தது. அதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

தாராபுரத்திலிருந்து என் அண்ணன் வந்தார். "கெளம்பு அம்மணி, போலாம். இங்க இன்னும் என்ன இருக்குது உனக்கு?" என்றார். அண்ணி வீட்டில் குழந்தையோடு ஒண்டிக்கொண்டு கிடக்க எனக்கு மனமில்லை. "இங்கயே தார் சுத்திப் பொழைச்சுக்கறேனுங்கண்ணா" என்றேன். தறிக்காரர்கள் நூலைக் கொடுத்துவிடுவார்கள், மெஷினில் தார்க்குச்சிகளில் சுற்றிக் கொடுக்க வேண்டும். "மெஷினை எங்க போடுவே? சோறாக்கற எடத்துலயா?" என்றார் அண்ணன். அப்போது நீங்கள் முதல் தடவையாக நிமிர்ந்தீர்கள். "பின்னால கொட்டகையாட்டம் ஒரு சாளை போட்டுக் குடுத்தர்றேனுங்க. ஆடி முடியற வரைக்கும் பொறுங்க. அதுக்குள்ள முடியலீன்னா நீங்க கூட்டிட்டுப் போங்க."

காற்றில் சாய்ந்த நம் வேம்பு ஒரு வருஷமாகக் கொல்லையில் காய்ந்து கிடந்தது. மர மில்லில் சதுரமாக அறுத்து வாங்கி வந்தோம். கூப்பிட வேண்டிய ஆசாரியோ ஒருத்தர்தான். அவரை எந்த முகத்தோடு கூப்பிடுவது? அவர் கதவும் பகலெல்லாம் சாத்தியே கிடந்தது. வெளியூர் ஆசாரியை வரச் சொன்னால் அவரிடமும் கதை சொல்ல வேண்டியிருக்கும். அதனால் நீங்களே ரம்பத்தை எடுத்தீர்கள். ஸ்பின்னிங் மில்லில் காலமெல்லாம் ஃபிட்டராக இருந்தவர் நீங்கள். இரும்பு தெரியும், மரம் தெரியாது.

ஒரு கைரம்பம், ஒரு உளி, அடிக்க ஒரு கட்டை. தூணின் தலையில் நாக்குப்போல ஒரு கழுந்து எடுக்க வேண்டும். மேலே வரும் உத்திரத்தில் அது நுழைய ஒரு துளை வெட்ட வேண்டும். நான் மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து அசையாமல் பிடித்துக்கொள்வேன். மாமனாரும் மருமகளும் இப்படி வேலை செய்வதை வேலிக்கு அப்பாலிருந்து யாராவது பார்த்துவிடுவார்களோ என்று எனக்கு உடம்பெல்லாம் கூசும். கேலியாக யாரோ இருமினால்கூட உங்கள் ரம்பம் நின்றுவிடும்.

ஒரு சாண் கனமுள்ள மரம். மேலே கோட்டின்மேல் சரியாகப் போன ரம்பம், திருப்பிப் பார்த்தால் அடியில் இரண்டு விரல் விலகி இருந்தது. துளையும் அப்படித்தான். மேல்முகத்தில் சதுரமாகத் தொடங்கி மறுமுகத்தில் கோணலாக வெளியே வந்தது. தூக்கிப் பொருத்திப் பார்த்தோம். உத்திரம் ஆடியது. "இரும்பு சொன்னபடி கேக்குமுங்க. இது கேக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு மரத்தூளிலேயே உட்கார்ந்தீர்கள். ஆடியில் பாதி போயிருந்தது. நீங்கள் அழுதீர்களா என்று நான் பார்க்கவில்லை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் காலையில் வேலிப் படலுக்கு வெளியே ஆசாரி நின்றுகொண்டிருந்தார். கையில் உளிப் பை. உள்ளே வரவில்லை, போகவும் இல்லை. நீங்களும் வா என்று சொல்லவில்லை. கடைசியில் அவர் மரத்தைப் பார்த்துப் பேசினார். "ஏனுங்க, ஆப்பு வெச்சாலும் அது நிக்காதுங்க. ஒரு பக்கமிருந்தே வெட்டிட்டுப் போனா அந்தப் பக்கம் எங்க போயி முட்டுமோ? நாலு பக்கமும் கோடு போட்டு, ரெண்டு பக்கமிருந்தும் வந்து நடுவுல சேரோணும்ங்க."

நீங்கள் எழுந்து போய்ப் படலைத் திறந்தீர்கள்.

கெட்டுப்போன நுனிகளைத் துண்டித்துவிட்டுப் புதிதாகக் கோடு போட்டார். உத்திரத்தில் மேல்முகத்திலிருந்து பாதிவரை அவர் வெட்டினார். புரட்டிப் போட்டதும் உளியை உங்களிடம் நீட்டினார். மறுபாதியை நீங்கள் வெட்டினீர்கள். நடுவில் சன்னமாக நின்ற மரம் உடைந்து வெளிச்சம் வந்தபோது இரண்டு பேரும் ஒரே சமயத்தில் குனிந்து துளைக்குள் பார்த்தீர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் மட்டும் பார்த்துக்கொள்ளவில்லை.

மத்தியானம் சோறு போட்டு வைத்தேன். ஆசாரி வீட்டுக்குள் வர மாட்டேன் என்றார். நீங்கள் உங்கள் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தீர்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"பொண்ணை வளக்கத் தெரியலீங்க எனக்கு" என்றார் அவர்.

"எனக்கு மட்டும் பையனை வளக்கத் தெரிஞ்சுதுங்களா?" என்றீர்கள்.

என் வீட்டுச் சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு வயசான இரண்டு பேர் எனக்காகத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தீர்கள். குழம்பு ஊற்ற நான் வெளியே வரவில்லை.

ஆடி முடிவதற்குள் உத்திரம் ஏற்றினோம். நீங்கள் ஒரு முனை, ஆசாரி ஒரு முனை, நான் கீழே முட்டுக் கொடுக்கும் கழியோடு. தூணின் கழுந்துக்கு நேராக வரும்போது ஆசாரி ஏறி நின்ற ஸ்டூல் சரிந்தது. உத்திரம் என் பக்கமாகத் திரும்பியது. "வெலகு கண்ணு! தள்ளிப் போ!" என்று கத்தினீர்கள். மொத்தக் கனத்தையும் உங்கள் தோளில் வாங்கிக்கொண்டீர்கள். ஆசாரி எழுந்து ஓடிவந்து பிடித்தார். இன்னொரு தடவை தூக்கினீர்கள். கழுந்து துளைக்குள் இறங்கி 'டொக்'கென்று உட்கார்ந்தது. தோள் கன்றிப்போய் நின்றீர்கள். நான் அழுதது பயத்தில் என்று நினைத்தீர்கள். "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்கள்.

அண்ணன் வந்து பார்த்தார். உத்திரத்தைக் கையால் தட்டிவிட்டுத் தனியாக ஊருக்குப் போனார். அந்தச் சாளையில் தார் சுற்றித்தான் உங்கள் பேத்தியைப் படிக்கவைத்தேன்.

சில வருஷம் கழித்து நீங்கள் போனபோது உங்கள் மகன் கொள்ளி வைக்க வந்தான். ஈர வேட்டியோடு கண்ணாடி முன் நின்று தலை சீவினான். வந்தவர்களிடம் நன்றாகச் சிரித்துப் பேசினான். அவனுக்கு இந்த வீதியில் எந்த வாசலையும் கடப்பதில் தயக்கமே இல்லை. ஆசாரிதான் பந்தலுக்குள் வராமல் வெளியிலேயே வெயிலில் நின்றுவிட்டுப் போனார். கூப்பிட எழுந்தேன். எழுந்தவள் அங்கேயே நின்றுவிட்டேன்.

அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், மாமா. தப்புச் செய்தவர்கள் யாரும் கூசவில்லை. நாம் மூன்று பேர்தான் அந்தக் கூச்சத்தைப் பங்கு போட்டுச் சுமந்தோம். ஆளுக்குக் கொஞ்சமாக இருந்ததால் தாங்கியது என்று இப்போது தோன்றுகிறது. உங்கள் பங்கும் ஆசாரியின் பங்கும் இப்போது என்னிடம்தான் இருக்கின்றன. இறக்கி வைக்கச் சொல்கிறாள் உங்கள் பேத்தி. வைத்துவிட்டால் உங்களோடு சேர்ந்து சுமக்க எனக்கு வேறு ஒன்றும் இல்லை.