மூன்றாவது தடவை கேட்டால்

மேசா, அரிசோனா
ஜனவரி 14, 1996

அன்புள்ள ஆர்விட்,

நான் நலம். நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் "ம்" தவிர வேறு எதுவும் உனக்கு வருவதில்லை, அதனால்தான் கடிதம். பேசிக்கொண்டது நினைவிருக்கிறதா? நான் அரிசோனாவைப் பற்றியும் நீ மினசோட்டாவைப் பற்றியும், நல்லது கெட்டது இரண்டையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

நல்லது முதலில். இன்று காலை சட்டையின் ஏழு பொத்தான்களையும், நீ போட்டுவிடாமல், நானே போட்டுக்கொண்டேன். வந்து மூன்று மாதம் முடியவில்லை, இந்த வறண்ட வெயிலில் விரல் மூட்டு வீக்கம் பாதி வடிந்துவிட்டது. டாக்டர் நாலு தெரு தள்ளி இருக்கிறார். வாசலில் ஆரஞ்சு மரம். பழம் விழுந்து கிடக்கிறது, குனிந்து எடுக்க ஆளில்லை.

கெட்டது, மனிதர்கள். காரோடு கராஜுக்குள் போகிறார்கள், கதவு இறங்குகிறது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு டோலோரஸ் மட்டும் பேசுவாள். நியூஜெர்சிக்காரி. புதன்கிழமை வீட்டுக்கு அழைத்து, "காபி சாப்பிடறீங்களா?" என்றாள். "வேண்டாங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றேன். "சரி" என்று தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டாள்! அந்த வாசனையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நம் ஊரில் மூன்று தடவை கேட்காமல் விடுவார்களா? முதல் இரண்டு "வேண்டாம்" மரியாதைக்கு என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே.

மார்ச் 15-க்குள் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். இரண்டு படுக்கையறை உள்ள இந்த வீடா, ஒற்றை அறை வீடா என்று மேனேஜர் கேட்கிறார். இன்னும் பதில் சொல்லவில்லை.

ஹீட்டர் பில்டரை மாற்றினாயா?

அன்புடன்,
மார்லிஸ்


ஹோல்ம் லேக், மினசோட்டா
ஜனவரி 27, 1996

அன்புள்ள மார்லிஸ்,

பொத்தான் விஷயத்தை இரண்டு தடவை படித்தேன்.

இன்று காலை ஆறு மணிக்குப் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொரு டிகிரி. எஞ்சின் உறையாமலிருக்க விடிய விடிய கரண்டில் சூடேற்றி வைத்திருந்தும் பிக்கப் வண்டி நாலாவது முயற்சியில்தான் கிளம்பியது. ஆஸ்பத்திரி அதே நாற்பத்திரண்டு மைல். பல் டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார், அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. இதெல்லாம் கெட்டது.

நல்லது: வியாழக்கிழமை பதினோரு அங்குலம் பனி விழுந்தது. நான் எழுந்து பார்ப்பதற்குள் எதிர்வீட்டு ஓர்வில் நம் வாசலைச் சுத்தமாகத் தள்ளிவிட்டிருந்தான். முப்பத்தொரு வருஷம் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டிய என் வாசலை!

"ஏன்யா, எனக்குக் கை இல்லையா?" என்றேன்.

"கை இருக்கு. எழுப்பிவிடத்தான் ஆளில்ல" என்றான்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கே எழுந்து அவன் வாசலைத் தள்ளிக் கணக்கைத் தீர்த்தேன்.

பாதிரியார் மனைவி இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கொண்டுவந்தார். மூன்றாவது தடவை கேட்டதும் வாங்கிக்கொண்டேன். ஐந்து நாள் அதையே சாப்பிட்டேன். ஒரு ஆளுக்கு அது அதிகம்.

பில்டரை மாற்றிவிட்டேன்.

அன்புடன்,
ஆர்விட்


மேசா
பிப்ரவரி 20, 1996

அன்புள்ள ஆர்விட்,

முதல் தடவையே "குடுங்க" என்று சொல்லப் பழகிவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் காபி கிடைக்கிறது.

நேற்று டோலோரஸ் கேட்டாள்: "உங்க வீட்டுக்காரரை இங்க கூப்பிட்டீங்களா?"

"ரெண்டு தடவை."

"என்ன சொன்னாரு?"

"ரெண்டு தடவையும் வேண்டாம்னுட்டாரு."

"அப்புறம் என்ன? வேண்டாம்னா வேண்டாந்தானே!"

அது அவள் ஊர் வழக்கம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் யோசித்துப் பார்த்தேன். நாற்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவன் சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வதும் ஒரு மரியாதைதான். உனக்கு அங்கே ஏரி இருக்கிறது, ஓர்வில் இருக்கிறான். அதிலிருந்து உன்னைப் பிடுங்கி இந்த வெயிலில் நடுவது நியாயமில்லை. ஒற்றை அறை வீட்டுக்குக் கையெழுத்துப் போடப்போகிறேன். கோபமில்லை, ஆர்விட். இரண்டு மாநிலங்களையும் ஒப்பிட்டு எழுதுவதை இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மார்லிஸ்


ஹோல்ம் லேக்
மார்ச் 1, 1996

மார்லிஸ்,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்டோபர் 3, சமையலறை. "நீயும் வந்துடேன்" என்றாய். "நான் எதுக்கு" என்றேன்.

அக்டோபர் 19, நீ பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது. மறுபடியும் கேட்டாய். "எனக்காகச் சிரமப்படாதே" என்றேன்.

அக்டோபர் 22, விமான நிலையம். வாசலில் பத்து நிமிஷம் நின்றோம். நீ சொன்னது, "ஹீட்டர் பில்டரை மாத்து."

பிக்கப் வண்டியின் பின்தட்டில், தார்ப்பாய்க்கு அடியில், என் பெட்டி இருந்தது. அதில் நாலு சட்டை, சவர சாமான், எப்போதோ வாங்கி ஒருநாளும் போடாத கோடைச் செருப்பு. இன்னும் வண்டியில்தான் இருக்கிறது. உள்ளே கொண்டுவந்து பிரிக்கக் கை வரவில்லை. செருப்பு பலகைபோல் விறைத்துவிட்டது.

இதற்குமேல் எனக்கு எழுதத் தெரியாது.

ஆர்விட்


மேசா
மார்ச் 8, 1996

என் அன்பு ஆர்விட்,

தார்ப்பாயை நானும் பார்த்தேன். விறகு என்று நினைத்தேன்.

மூன்றாவது தடவை கேட்க நான் மறக்கவில்லை. நம் ஊரில் மூன்றாவது "வேண்டாம்"தான் நிஜமான வேண்டாம். அதற்குப் பிறகு யாரும் கேட்க முடியாது. உன் வாயிலிருந்து அது வந்துவிடுமோ என்று பயந்துதான், அந்தப் பத்து நிமிஷமும் வாயில் வந்ததை விழுங்கிவிட்டு, பில்டரைப் பற்றிப் பேசினேன்.

இப்போதும் அந்தப் பயம் போகவில்லை.

ஒற்றை அறை வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. கட்டில் சிறியது. மே மாதம் இங்கே நூறு டிகிரியைத் தாண்டும் என்கிறார்கள். அப்போது நீ என்னை ஏரிக்குக் கூப்பிடு. முதல் தடவையே சரி என்பேன்.

ஆர்விட், இங்கே வருகிறாயா?

மார்லிஸ்


நெப்ராஸ்கா, பெட்ரோல் பங்கில் வாங்கிய தபால் அட்டை
மார்ச் 13

மார்லிஸ்,

வருகிறேன். இந்த அட்டைக்கு முன்னால் நானே வந்து சேர்ந்துவிடலாம்.

காலை ஆறுக்குக் கிளம்பினேன். இதுவரை நானூறு மைல். செருப்பைச் சீட்டுக்குக் கீழே ஹீட்டர் பக்கத்தில் வைத்திருக்கிறேன், இளகி வருகிறது.

வீட்டுச் சாவியைக் கொடுக்கப் போனபோது ஓர்வில் வழிக்குச் சாண்ட்விச் கட்டி வைத்திருந்தான். "எடுத்துட்டுப் போறியா?" என்றான். "குடு" என்றேன். பாவம், இன்னும் இரண்டு தடவை கேட்கத் தயாராக நின்றவன். வண்டி திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன், திறந்த வாயை மூடாமல் பனியில் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.

ஆர்விட்