துடைக்கக் கூடாத கருவி

என்னங்க, முழங்கால் வலி குறைந்ததா? பெரிய பேரன் கணக்கில் முதலாவதாம், பேத்தி நீச்சலில் கோப்பை வாங்கினாளாம், சின்னவன் தானே சட்டைப் பொத்தான் போட்டுக்கொள்கிறானாம். மருமகள் போனில் சொன்னாள். பண்ணையில் இதை நான் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

இங்கே மண்ணில் குத்தினால் உரச்சத்து எவ்வளவு என்று காட்டும் கருவி ஒன்று இருக்கிறது. அதன் நுனி எப்போதும் ஈரமாகவே இருக்க வேண்டுமாம். அது தெரியாமல் நான் அதைப் பாத்திரம் போலத் தேய்த்துக் கழுவி, துடைத்துக் காயவைத்துவிட்டேன். மறுநாள் மண்ணில் சத்தே இல்லை என்று காட்டியது. மேற்பார்வையாளர் இரண்டு பங்கு உரம் போடச் சொன்னார். வேலை போனாலும் போகட்டும் என்று, "நான்தான் தொடச்சு வச்சேன் சார்" என்றேன்.

"நல்லவேளை சொன்னீங்கம்மா, செடியெல்லாம் கருகிப் போயிருக்கும்" என்றவர், கருவிப் பெட்டியை என் பொறுப்பிலேயே விட்டுவிட்டார். அவர் பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்கட்டும். அஞ்சாம் வகுப்புக்காரி நான் வாசித்துச் சொல்லும் எண்ணைத்தான் இப்போது எழுதிக்கொள்கிறார்கள்!

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ள, பிள்ளைகளின் புதுப் போட்டோ ஒன்று தபாலில் அனுப்புங்கள். என்னிடம் இருப்பதில் சின்னவனுக்குப் பல்லே முளைக்கவில்லை. ஓரமாக நீங்களும் நில்லுங்கள்.