திண்டிவனம் முகாமில் சங்கவி கேட்டது

மரக்காணம் குப்பம்,
9.6.2002

அன்புள்ள பூமாலைக்கு,

ஜெகதீசன் எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் அம்மனைக் கேட்டுக்கொள்கிறேன். போன் கடையில் எப்போதும் நாலு பேர் நிற்கிறார்கள். உன் குரலைக் கேட்டால், நல்லாத்தான் இருக்கிறாள் என்று சொல்லி வைத்துவிடுகிறேன். அதனால்தான் மஸ்கட் திரும்பும் மாரியப்பனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வேலையெல்லாம் முடித்துவிட்டு, தனியாக உட்கார்ந்து படி.

போன மாதம் பாதியில் நானும் நம் பாப்பா சங்கவியும் திண்டிவனத்தில் ஒரு முகாமுக்குப் போயிருந்தோம். இவளுக்கு இருப்பதுபோல் ரத்தப் புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு, இதயக் கோளாறு என்று பெரிய நோய் வந்த பிள்ளைகளையும் பெற்றவர்களையும் கூப்பிட்டு, லீவுக்கு மூடிக்கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். நடத்தியவர்கள் எல்லாம் தொண்டர்கள். காலேஜ் பிள்ளைகள், வாத்தியார்கள், ஆபீஸ் வேலைக்காரர்கள். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் பார்த்துக் கூப்பிட்டபோது, வேண்டாமென்று நினைத்தேன். சங்கவிதான் போகலாம் என்றாள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தொண்டர். நம் பாப்பாவுக்கு ஷாலினி என்று விழுப்புரத்துப் பெண். டீச்சர் டிரெய்னிங் படிக்கிறது. கொதித்து ஆறிய தண்ணீர்தான் குடிக்கத் தரவேண்டும், வாய்ப்புண்ணுக்குக் காரம் ஆகாது என்று எல்லாம் முதலிலேயே கேட்டு வைத்துக்கொண்டது. நான் கையில் மருந்துப் பையோடு பின்னாலேயே அலைந்தேன். லட்சுமியம்மாள் என்ற நர்ஸ் பையை வாங்கிக்கொண்டு, “கொஞ்ச நேரம் படுங்க, நாங்க பாத்துக்கறோம்” என்றார்கள். ஒரு வகுப்பறையில் பாயைப் போட்டுப் படுத்தவன் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தேன். அப்படித் தூங்கி எத்தனை மாதமாயிற்றோ.

எழுந்து வந்து பார்த்தால் பாப்பா தலையில் கட்டியிருந்த துணியைக் காணோம். புழுக்கத்துக்குக் கழற்றி ஜன்னலில் போட்டிருக்கிறாள். முடி கொட்டிய தலையை அங்கே யாரும் உற்றுப் பார்க்கக்கூட இல்லை. கண்டாச்சிபுரத்துப் பிள்ளைகளுக்கு நைலான் நூலில் வலை முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கடலையே பார்க்காத பிள்ளைகள். மீன் கடிக்குமா என்று ஒருத்தன் கேட்டதற்கு அப்படிச் சிரித்தாள்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். மறுநாள் சாயங்காலம் ஷாலினி என்னிடம் வந்து, “அண்ணா, சங்கவி என்கிட்ட ஒண்ணு கேட்டா. உங்ககிட்ட சொல்லலாமான்னு அவளைக் கேட்டுக்கினுதான் வந்திருக்கேன்” என்றது. ஊசி மருந்தையெல்லாம் நிறுத்திட்டாங்களே, நான் செத்துடுவேனாக்கா என்று கேட்டிருக்கிறாள். நீ என்ன நினைக்கிறாய் என்று ஷாலினி திருப்பிக் கேட்டதற்கு, “செத்துடுவேன்னுதான் நினைக்கிறேன். அப்பாவைக் கேட்டா அழும், அதான் கேக்கல” என்றாளாம்.

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெண்ணைக் கண்டபடி திட்டினேன். குழந்தையிடம் பேசுகிற பேச்சா இது என்று கத்தினேன். பாப்பாவைக் கூட்டி வரச் சொல்லிவிட்டுத் துணிமணிகளை அள்ளிக்கொண்டு கிளம்பினேன். தேவசகாயம் என்று ஒரு தபால் ஆபீஸ்காரர், அவரும் தொண்டர்தான், என் கூடவே கேட் வரைக்கும் வந்தார். “போறதுன்னா போங்க, நானே பஸ் ஏத்தி வுடறேன். பஸ்ல பாப்பா இதையே உங்ககிட்ட கேட்டா இன்னா சொல்வீங்க?” என்றார். துணி மூட்டையை அவர் கையில் கொடுத்தேன். நானே உள்ளே திரும்பினேன்.

பூவரச மரத்தடியில் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டேன். ஷாலினியையும் இருக்கச் சொன்னேன். பூமாலை, சித்திரை மாதம் டாக்டர் என்னிடம் சொன்னதை அவளிடம் சொன்னேன். தெரிந்த மருந்தெல்லாம் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது, நோய் கேட்கவில்லை என்றேன். அவள் சொன்னதுபோலவே அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. “வலிக்குமா?” என்று மட்டும் கேட்டாள். ஷாலினி நர்ஸம்மாவைக் கூப்பிட்டது. வலிக்கு மருந்து இருக்கிறது, வீட்டுக்கே வந்து தருவோம் என்று அவர்கள் விவரமாகச் சொன்னார்கள். அதற்கப்புறம் பாப்பா என்னிடம், “அம்மாவுக்குத் தெரியுமா?” என்றாள். இல்லை என்றேன். “சொல்லிடுப்பா. அது எனக்குச் சட்டை வாங்கும்போது வர்ற வருசத்துக்கும் சேத்துப் பெரிசா வாங்கும். இப்ப இருக்கிற அளவுக்கே வாங்கச் சொல்லு” என்றாள்.

அதைக் கேட்டு ஷாலினி எழுந்து குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தது. நான் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். “எங்கப்பாவா இருந்தா அடிச்சே இருப்பாரு” என்று சிரித்தது.

முகாம் முடிந்ததோடு அவர்கள் விட்டுவிடவில்லை. நர்ஸம்மா வாரா வாரம் வந்து பார்க்கிறார்கள். மருந்து கொடுத்தால் வலி அடங்கிவிடுகிறது, தூங்குகிறாள். ஞாயிற்றுக்கிழமை ஷாலினி பஸ் பிடித்து வந்து அவளோடு இருக்கிறது. அந்த நேரத்தில்தான் நான் கடலுக்குப் போய் வருகிறேன். மற்ற நாள் காலையில் படகுகள் கரையேறும்போது பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். முன்பெல்லாம் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள், நான் வேறெங்கோ பார்ப்பேன். இப்போது அப்படி இல்லை, எல்லாவற்றையும் பேசுகிறோம். உன்னைப் பற்றித்தான் அதிகம்.

டாக்டரிடம் கேட்டு, உன் முதலாளிக்குக் காட்ட ஒரு கடிதம் வாங்கித் தந்திருக்கிறார் தேவசகாயம். இதோடு வைத்திருக்கிறேன். அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கின்றன, புரிந்துகொள்வார்கள். வழியில் யாரிடமும் பேசிக்கொண்டு நிற்காதே. மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்கு நான் வந்து நிற்பேன்.

தீபாவளிக்கு வருகிறேன் என்று பாப்பாவிடம் சொல்லியிருந்தாய். தீபாவளி வரைக்கும் வேண்டாம், பூமாலை. இப்போதே வா.

உன் வழி பார்த்திருக்கும்,
ஜெகதீசன்