அண்ணன் அட்டையில் வந்த புத்தகங்கள்

பழவேற்காடு
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுத பிறகு

அளவற்ற அருளாளன் அல்லாஹ்வின் பெயரால்.

தஸ்லீமா வாப்பா அவர்களுக்கு, கைருன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் பிள்ளைகளும் அவன் கிருபையால் நலம். நடுக்கடலில் கப்பல் அடுப்பின் சூட்டில் நின்று சமைக்கும் உங்களுக்கும் அவன் நல்ல உடம்பைத் தரட்டும்.

போனில் சொல்லாமல் இன்னாத்துக்குக் கடுதாசி என்று நினைப்பீர்கள். கப்பல் கரைக்கு வரும் அன்றுதான் உங்களுக்கு லைன் கிடைக்கிறது. பாதிப் பேச்சைக் காற்று கொண்டு போகிறது, மீதியில் உங்கள் கூடப்பிறந்த ராத்தாவிடம் வேறு பேச வேண்டியிருக்கிறது. இந்தச் சங்கதி உங்களுக்கு முழுசாக வந்து சேர வேண்டும். கோட்டைக்குப்பம் உதயகுமார் லீவு முடிந்து திங்கட்கிழமை உங்கள் கப்பலுக்கே திரும்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே இறால் ஊறுகாய் ஒரு பாட்டில். மூடியை மெழுகு வைத்து அடைத்திருக்கிறேன், ஆனாலும் நிமிர்த்தியே வையுங்கள்.

முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு ஏரியில் தண்ணீர் இறங்கிவிட்டது. இறால் வரத்துக் குறைவு, அதனால் இந்தப் பாட்டிலுக்கே அலைந்தேன். பெரியவன் அஜ்மல் பொன்னேரி செல்போன் கடை வேலைக்கு ஒழுங்காகப் போகிறான். நீங்கள் அனுப்புவது போதுமாக இருக்கிறது. கணக்கெல்லாம் வழக்கம்போல் எழுதி வைத்திருக்கிறேன், வரும்போது பாருங்கள்.

இனி தஸ்லீமா விஷயம்.

போன வருஷம் மதராஸில் ஒரு அறக்கட்டளைக்கு அவள் எழுதிப் போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். சிறுபான்மைப் பிள்ளைகள் நூலகர் படிப்புப் படிக்க உதவித்தொகை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். நீங்களும் போனில், அல்லாஹ் நாடவில்லை, இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம், அப்புறம் ராத்தா சொல்லும் எளாவூர் சம்பந்தத்தை முடிப்போம் என்று சொன்னீர்கள். ஏன் திருப்பினார்கள் என்பதை நான் அப்போது உங்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை. எனக்கே அது அப்போது சரியாகப் புரியவில்லை.

விண்ணப்பத்தோடு மூன்று வருஷ நூலக உறுப்பினர் அட்டையின் நகல் கேட்டிருந்தார்கள். தஸ்லீமா அஜ்மல் அட்டையை நகல் எடுத்து, மேலே ‘அண்ணன் அட்டை’ என்று தன் கையாலேயே எழுதி வைத்துவிட்டாள். நம் தெருவில் வேறு எப்படி இருக்கும்? நூலகம் கடைத்தெருவில், மீன் ஏலம் போடும் இடத்தை ஒட்டி இருக்கிறது. பெண்கள் போகக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, யாரும் போனதுமில்லை. வீட்டுக்கு ஒரு அட்டை, அது ஆம்பிளைப் பிள்ளை பேரில். அஜ்மல் பையை எடுத்துக்கொண்டு போவான், இவள் எழுதிக் கொடுத்ததை வாங்கி வருவான். அட்டையைப் பார்த்தால் நம் பிள்ளை பெரிய படிப்பாளி. அவன் கடைசிவரை வாசித்தது பிரியாணிக் கடை விலைப் பலகையை மட்டும்தான் என்று இவள் கேலி செய்வாள். அட்டை விண்ணப்பதாரர் பேரில் இல்லை என்று ஒரு வரி எழுதித் திருப்பிவிட்டார்கள்.

அவள் அழவில்லை. எனக்கும் சொல்லாமல் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டுவிட்டாள். எனக்கு உதவித்தொகை தாருங்கள் என்று கேட்கவில்லை. உங்கள் விண்ணப்பத்தை இப்படியே வைத்திருந்தால் எங்கள் ஊரிலிருந்து ஒரு பெண்ணும் உங்களிடம் வந்து சேர முடியாது, நீங்கள் கூப்பிடுவது எங்களைத்தான், ஆனால் கதவை எங்கள் அண்ணன் தம்பி உயரத்துக்கு வைத்திருக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறாள். பதில் வந்த பிறகுதான் என்னிடம் காட்டினாள். திட்டி எழுதியிருப்பார்கள் என்று நினைத்தேன். வாருங்கள், திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளோடு உட்கார்ந்து விண்ணப்பத்தைத் திருத்தப் போகிறோம் என்று எழுதியிருந்தார்கள். தப்பு என்று சொன்னவளையே கூப்பிட்டு எங்கே தப்பு என்று கேட்கிற பெரிய மனுஷர்களை நான் அதுவரை பார்த்ததில்லை.

அவளைத் தனியாக அனுப்பவில்லை, நானும் போனேன். கூட்டம் ஒரு பெரிய நூலகத்தில். நான் நூலகம் என்றால் ஒரு அறை, நாலு இரும்பு அலமாரி என்று நினைத்திருந்தவள். இது மாடி மேல் மாடியாக ஏறிக்கொண்டே போகிறது. வாசலில் என்னையறியாமல் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டேன். காவல்காரர் சிரித்து, “போட்டுக்கினே வாம்மா, இது கோயிலு இல்ல” என்றார். போட்டுக்கொண்டேன், ஆனால் உள்ளே போனதும் அவர் சொன்னதுதான் தப்போ என்று தோன்றியது. யாரும் அதட்டாமலேயே அத்தனை பேரும் அமைதியாக இருந்தார்கள். ஒரு மூலையில் கண் தெரியாத பையன் ஒருவன் புள்ளி வைத்த தாளை விரலால் தடவிப் படித்துக்கொண்டிருந்தான், படித்துத் தானாகச் சிரித்தான். சுப்ஹானல்லாஹ்! குர்ஆனில் ஓதுவீராக என்றுதானே முதல் வசனமே இறங்கியது. அதன் பொருள் எனக்கு அங்கே நின்றபோதுதான் தெரிந்த மாதிரி இருந்தது.

கூட்டத்தை நடத்தியவர் கஸ்தூரி அம்மா, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நூலகர். விண்ணப்பங்களைச் சரிபார்ப்பவர் பிரதாப் என்கிற தம்பி. பிள்ளைகளில் ஒருத்தி பசியாவரத்திலிருந்து வந்த சந்தியா, மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரப் பெண். அவள் கதை வேறு. ஏரியைத் தாண்டி நம் ஊருக்குப் படகில் வந்து, கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து எல்லாம் நிரப்பியிருக்கிறாள். கடைசியில் ஓ.டி.பி. கேட்டிருக்கிறது. “போனு நைனா கிட்ட, நைனா ஏரியில இடுப்பளவு தண்ணியில நண்டு பிடிச்சுக்கினு இருக்காரு, நம்பரு வந்து செத்துப் போச்சு” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பிரதாப் தம்பி மட்டும் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

அடுத்தது நம் தஸ்லீமா முறை. அந்தத் தம்பி கேட்டதிலும் நியாயம் இருந்தது. அண்ணன் அட்டையில் வந்ததை நீதான் படித்தாய் என்று நாங்கள் எப்படியம்மா தெரிந்துகொள்வது என்றார். இவள் எழுந்து நின்று, நான் மட்டும் படித்தேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும் சார் என்றாள். புத்தகம் வீட்டுக்கு வந்தால் எங்கள் வீட்டோடு நிற்காது, கொல்லை வாசல் வழியாகத் தெருவில் எல்லா வீட்டுக்கும் போகும், நான்தான் பிரித்துக் கொடுப்பேன் என்றாள். கஸ்தூரி அம்மா எப்படிப் பிரிப்பாய் என்று கேட்டார்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பெண் நிறைமாதமாக இருந்தபோது, முழுசும் நான் படித்துப் பார்த்து, அதில் சாவு வரவில்லை என்றால்தான் கொடுப்பேன். எதிர் வீட்டு மாமிக்குக் கண் மங்கல், அந்த வீட்டுக்குப் புத்தகம் போகாது, நான் போவேன், அவர் கீரை ஆயும்போது வாசித்துக் காட்டுவேன். கடைசி வீட்டு அக்காவுக்குப் புருஷன் கடலில் தவறிவிட்டார். அதற்கப்புறம் அவர் சமையல் புத்தகம்தான் கேட்டார், வேறு எதையும் நான் அவர் கையில் திணிக்கவில்லை. ரொம்ப நாள் கழித்து அவரே ஒரு நாள், “கதை ஏதாச்சும் வச்சிருக்கியாடி”ன்னு கேட்டார். அன்றைக்குக் கொடுத்தேன்.

இதெல்லாம் நம் கொல்லையில் நடந்தது. நான் அடுப்படியில் இருந்தேன், எனக்குத் தெரியவில்லை. பிள்ளை பாத்திரம் கொடுத்து வாங்குகிற மாதிரி புத்தகம் கொடுத்து வாங்குகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். பெற்ற பிள்ளையை அன்றைக்குத்தான் யாரோ மாதிரி நிமிர்ந்து பார்த்தேன்.

கஸ்தூரி அம்மா அவளைக் கிட்டே கூப்பிட்டு உட்கார வைத்தார். பிறகு, “நூலகர் ஆகணும்னு வந்திருக்கியா? நீ ஆயிட்டம்மா. சான்றிதழ்தான் பாக்கி” என்றார்.

அட்டை நகல் என்ற வரியை அங்கேயே அடித்தார்கள். அந்த இடத்தில், நீ யாருக்கு எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாய், ஏன் அதைக் கொடுத்தாய் என்று எழுதச் சொல்லி ஒரு கேள்வி வைத்தார்கள். இந்த வருஷம் எந்த ஊர்ப் பிள்ளை விண்ணப்பம் போட்டாலும் நம் கொல்லை வாசலில் பிறந்த அந்தக் கேள்விக்குப் பதில் எழுதித்தான் ஆக வேண்டும். அச்சில் வந்ததும் அதை ரெண்டு தடவை வாசித்தேன். ஓ.டி.பி.யும் போயிற்று, தபாலில் அனுப்பினால் போதும்.

இன்னொரு வரியும் மாறியது. தந்தை கையொப்பம் என்று மட்டும் இருந்தது. கஸ்தூரி அம்மா பிள்ளைகளிடம், உங்கள் வீட்டில் தபால் வந்தால் யார் வாங்குவார்கள் என்று கேட்டார். எல்லாரும் அம்மா என்றார்கள். இப்போது அந்த இடத்தில் தாய் அல்லது தந்தை என்று இருக்கிறது.

நம் கல்யாணத்தன்று நிக்காஹ் பதிவுத் தப்தரில் நான் வைத்தது பெருவிரல் ரேகை. அதற்கப்புறம் மளிகை சுற்றி வந்த காகிதத்தைப் பார்த்து எழுத்துக் கூட்டியவள் நான். அந்தக் கையால், தஸ்லீமா திரும்பவும் போட்ட விண்ணப்பத்தில் அந்தக் கோட்டின் மேல், ஒரு சுபுஹு தொழுகைக்குப் பிறகு கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணாமல் விழுந்தது.

நீங்கள் கரைக்கு வந்து போன் செய்தது அதற்கு முந்தின நாள். எளாவூர்க்காரர்களுக்கு இன்னா சொல்வது என்று கேட்டீர்கள். அல்லாஹ்விடம் வழி கேட்டு இஸ்திகாரா தொழுதுகொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். அது உண்மை. மனம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

போன புதன்கிழமை தபால் வந்தது. அவளுக்குக் கிடைத்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். சந்தியாவுக்கும் கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் கல்லூரி திறக்கிறது, ரெண்டு பேருக்கும் விடுதியில் ஒரே அறை கேட்டிருக்கிறோம்.

ராத்தா நேற்று வந்தார்கள். “வாப்பா உசிரோட இருக்கறப்ப உம்மா கையெழுத்தா? இன்னா தைரியம்டி உனக்கு” என்றார்கள். டீ போட்டுக் கொடுத்தேன். உங்களிடம் அவர்கள் சொல்லும் முன்பு நானே சொல்ல வேண்டும் என்றுதான் இன்றைக்கே இதை எழுத உட்கார்ந்தேன்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கப்பல் கரைக்கு வந்ததும் முதல் போனைத் தஸ்லீமாவுக்குப் போடுங்கள். என் மேல் வருத்தம் இருந்தால் அதை எனக்கென்று எடுத்து வையுங்கள், ஊருக்கு வந்து நேரில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள், எதிர்த்துச் சொல்ல மாட்டேன். அவளிடம் மட்டும் போய் வா என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். மதராஸுக்குப் போகத் துணி மடித்துப் பெட்டியில் அடுக்கிவிட்டாள். மூட மாட்டேன் என்கிறாள். ஏன்டி தூசி படியுதே என்றேன், வாப்பா பேசட்டும் உம்மா என்றாள்.

கடலிலும் கரையிலும் காப்பவன் அவன் ஒருவனே. அவன் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். எங்கள் மூவர் மேலும் உங்கள் மனசைக் குளிர வைக்கட்டும். ஆமீன்.

உங்கள் துவாவை எதிர்பார்த்திருக்கும்,
கைருன் பீவி