கோவேறு கழுதைக்குப் போர்க்காயம், எனக்கு விபத்து

அனுப்புநர்:
முன்னாள் படைவீரர், சுமை விலங்குப் பிரிவு,
பெயிண்ட் கடைச் சந்தில் கடைசி வீடு, தரைத்தளம்.
(ஓய்வூதியப் புத்தகத்தில் உள்ள அதே முகவரி.)

பெறுநர்:
உயர்திரு மேல்முறையீட்டு அலுவலர் அவர்கள்,
போர்க்காய இழப்பீட்டுப் பிரிவு,
முன்னாள் படைவீரர் நல அலுவலகம், மூன்றாம் மாடி.

பொருள்: முதுகெலும்புக் காயத்தைப் போர்க்காயமாக ஏற்கக் கோரியது – இருமுறை நிராகரிக்கப்பட்டது – துறையே நிறுவிய சிலையைப் புதிய ஆதாரமாகக் காட்டி மறுவிசாரணை வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: 1. மருத்துவ வாரியத்தின் நிராகரிப்பு ஆணை.
2. அதை உறுதிசெய்த தங்கள் அலுவலகக் கடிதம்.
3. படைமுகாம் வாயிலில் உள்ள சிலையின் கல்வெட்டு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மனுவைச் சமையலறை மேடையில் காகிதத்தை வைத்து, நின்றபடி எழுதுகிறேன். உட்கார்ந்தால் சற்று நேரத்தில் வலது கால் மரத்துவிடுகிறது. படுத்துக்கொண்டால் பேனா எழுத மறுக்கிறது. எழுத்து கோணலாக இருப்பதை மரியாதைக் குறைவாகக் கொள்ள வேண்டாம். முந்தைய இரு மனுக்களிலும் "தாழ்மையுடன்" என்று எழுதியிருந்தேன். இம்முறை அச்சொல்லை விட்டுவிட்டேன். குனிய முடியாதவனுக்கு அது பொருந்தி வரவில்லை.

2. நான் படையில் துப்பாக்கி பிடித்தவன் அல்லன். கயிறு பிடித்தவன். வண்டி ஏறாத மலைப்பாதைகளில், மேலே உள்ள காவல் நிலைகளுக்குத் தண்ணீரும் தோட்டாவும் ரொட்டியும் கோவேறு கழுதைகள்மேல் ஏற்றிச் செல்வது எங்கள் பிரிவின் வேலை. இறங்கி வரும்போது, தேவைப்பட்டால், அதே சேணத்தில் காயம்பட்டவர்களைக் கட்டிக் கொண்டுவருவோம். என் பொறுப்பில் இருந்த கழுதைக்கு வீரர்கள் "மேஸ்திரி" என்று பெயர் வைத்திருந்தார்கள். மூட்டை ஏற்றி முடித்ததும் அது கழுத்தைத் திருப்பி இருபுறமும் ஒருமுறை பார்க்கும். கட்டு சரியில்லை என்று அதற்குப் பட்டால் அடித்தாலும் நகராது. அவிழ்த்துப் பார்த்தால் பெரும்பாலும் அது சொன்னதுதான் சரியாக இருக்கும். இவ்விவரம் வழக்குக்குத் தேவையற்றது போலத் தோன்றலாம். ஆனால் அப்பெயரால்தான் என் வழக்கே கெட்டது என்பதைக் கீழே தெரிவிக்கிறேன்.

3. சம்பவ நாளன்று மேல் நிலையில் காலில் குண்டடிபட்டு நினைவிழந்திருந்த ரேடியோக்காரர் ஒருவரை மேஸ்திரியின் முதுகில் கட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் பாறைச் சுவர், வலப்பக்கம் பள்ளம். பாதை வளையும் இடத்தில் எதிரியின் பீரங்கிக் குண்டு எங்களுக்குச் சற்று மேலே விழுந்து வெடித்தது. சிதறல்கள் மேஸ்திரியின் நெஞ்சில் பாய்ந்தன. அது முன்னங்கால் மடங்கிப் பள்ளத்தின் பக்கம் சரிந்தது. கயிறு என் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. பாறைச் சுவரில் முதுகைக் கொடுத்து, உள்ள பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தேன். அது என் பக்கம் திரும்பியது. திரும்பி என்மேல் விழுந்தது. பாறைக்கும் அதன் உடம்புக்கும் இடையில் நான். அதன் மேலே, கட்டு அவிழாமல், ரேடியோக்காரர்.

4. தூக்குக்கட்டில்காரர்கள் வந்து சேரும்வரை அப்படியே கிடந்தோம். மேஸ்திரி உடனே சாகவில்லை. அதன் மூச்சு ஏறி இறங்கும்போதெல்லாம் என் முதுகுக்குள் ஏதோ நொறுங்குவது எனக்கே கேட்டது. மூச்சு நின்றபோது எனக்கு வலி குறைந்தது. அதற்காக அப்போது நிம்மதிப்பட்டேன். பிற்பாடு அதை நினைத்துப் பலமுறை அழுதிருக்கிறேன். இதற்கு இழப்பீடு கோரவில்லை.

5. கள மருத்துவமனையில் வலிக்கு ஊசி போட்டு என்னைக் குப்புறக் கிடத்தியிருந்தார்கள். பதிவு எழுத வந்த எழுத்தர், எப்படி அடிபட்டது என்று கேட்டார். நான் மயக்கத்தில், "மேஸ்திரி மேல விழுந்துட்டான்" என்றேன். அவர், "சக வீரர் மேலே விழுந்ததால் ஏற்பட்ட காயம்" என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. அன்று கட்டில்கள் நிறைய இருந்தன. இடுப்புக்கு மேலே இரண்டு முதுகெலும்புக் கணுக்கள் நசுங்கியிருப்பதாக எக்ஸ்ரே காட்டியது. மருத்துவமனையிலிருந்தே என்னைப் பணிக்குத் தகுதியற்றவன் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

6. வீட்டுக்கு வந்தபின் எங்கள் சந்தின் முனையில் உள்ள பெயிண்ட் கடையில் வேலை கிடைத்தது. ரசீது எழுதுவது, சரக்கு சரிபார்ப்பது. உயரமான மேசையில் நின்றபடி செய்யலாம் என்பதால் ஒத்துக்கொண்டேன். ஆனால் லாரி வந்தால் டின்களை உள்ளே அடுக்க வேண்டியதும் நான்தான். இதை முதலாளி முதலில் சொல்லவில்லை. என் முதுகைப் பற்றி நானும் அவரிடம் சொல்லவில்லை. மதியம் அவர் சாப்பிடப் போகும் நேரத்தில் என் மனைவி சோற்றுப் பாத்திரத்தோடு வருவாள். நான் நின்றுகொண்டே சாப்பிடுவேன். அவள் டின்களைத் தூக்கி அடுக்குவாள். முதலாளி திரும்பி வரும்போது அவள் கிளம்பியிருப்பாள். "பரவாயில்லையே, ஒல்லியா இருந்தாலும் சுறுசுறுப்பான ஆளுதான்" என்று அவர் என்னைப் பாராட்டியிருக்கிறார். இப்படிப் பல வருடங்கள் ஓடின.

7. பின்னர் இழப்பீடு கோரி விண்ணப்பித்து, மருத்துவ வாரியத்தின் முன் ஆஜரானேன். லிப்ட் பழுது என்பதால் மூன்று மாடியும் ஏறினேன். "மேலேறி வர முடிந்திருக்கிறது" என்பதையும் குறிப்பில் சேர்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்டறிந்தவை வருமாறு:

மேஸ்திரி என்ற பெயரில் எந்த வீரரும் அப்பிரிவில் இருந்ததில்லை. அது கழுதையின் பெயர் என்று நான் விளக்கியதும், "மனுதாரர் வாக்குமூலத்தை மாற்றுகிறார்" என்று எழுதினார்கள்.

என் உடம்பில் எதிரியின் இரும்பு ஏதும் படவில்லை. ஆகவே இது "விலங்கைக் கையாளும்போது கவனக்குறைவால் நேர்ந்த விபத்து".

பணிக்குப் பின் பெயிண்ட் கடையில் பாரம் தூக்கியதாகத் தெரியவருவதால் முதுகுத் தேய்மானத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஐயா, அந்த டின்களைத் தூக்கியது என் மனைவி. இப்போது அவளுக்கும் முதுகு வலிக்கிறது. அதற்கு எந்த வாரியத்தை அணுக வேண்டும் என்பதைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

வாரிய மருத்துவர், "இந்த வயசுல யாருக்குத்தாங்க முதுகு வலி இல்ல? எனக்கே இருக்கு" என்றார். அவர் விரைவில் குணமடைய விழைகிறேன்.

8. இறுதியாக வாரியத் தலைவர் கோப்பை மூடிவிட்டு, அன்பாகவே கேட்டார்: "கயித்த விட்டிருந்தா உங்களுக்கு ஒண்ணும் ஆயிருக்காதே?"

நான், "ஆமாங்க சார்" என்றேன்.

அது உண்மை. கயிற்றை விட்டிருந்தால் மேஸ்திரி பள்ளத்துக்குப் போயிருக்கும். அதன் முதுகில் கட்டியிருந்தவரும் போயிருப்பார். நான் நிமிர்ந்து நடந்து முகாமுக்குத் திரும்பியிருப்பேன். அதை விளக்கிச் சொல்ல எனக்கு அந்த நேரத்தில் வாய் வரவில்லை. எனது "ஆமாங்க சார்" மட்டும் ஆணையில் மேற்கோள் குறிக்குள் இருக்கிறது.

9. என் தரப்புச் சாட்சியாக அந்த ரேடியோக்காரரே வந்திருந்தார். அவர் ஒரு காலை இழந்தவர். போர்க்காய இழப்பீடு பெறுபவர். ஊன்றுகோலோடு அத்தனை படியும் ஏறினார். சம்பவத்தின்போது அவர் நினைவிழந்திருந்ததால் சாட்சி சொல்லத் தகுதியற்றவர் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "என்னண்ணே இது, நான் முழிச்சுக்கிட்டு இருந்திருக்கணுமாம்ல" என்று சிரித்தார். நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் சிரித்தோம். பிறகு இறங்க வேண்டிய படிகளைப் பார்த்தோம்.

10. சென்ற மாதம் படைமுகாம் வாயிலில், போரில் உயிர்நீத்த சுமை விலங்குகளின் நினைவாகத் தங்கள் துறை ஒரு சிலை திறந்தது. முன்னாள் பணியாளன் என்ற முறையில் எனக்கும் அழைப்பு வந்தது. மனைவியோடு போனேன். துணியை விலக்கினார்கள். மேஸ்திரி நின்றது. சிற்பியிடம் ஏதோ பழைய புகைப்படம் இருந்திருக்க வேண்டும். இடது காதின் கிழிசல்கூட அப்படியே இருந்தது. கீழே கல்லில் இவ்வாறு பொறித்திருக்கிறார்கள்: "மேஸ்திரி. எதிரியின் பீரங்கித் தாக்குதலில் காயமுற்று, கடமையின்போது வீழ்ந்தது." நாளும் இடமும் இருக்கின்றன. அவை என் மருத்துவமனைச் சீட்டில் உள்ள அதே நாள், அதே இடம்.

எங்கள் அன்றைய கேப்டன் சிறப்பு விருந்தினராக வந்திருந்தார். குண்டு விழுந்ததையும், குண்டடிபட்ட பின்னும் காயப்பட்ட வீரரைக் கீழே தள்ளாமல் அந்த வாயில்லா ஜீவன் பாறைப் பக்கமாகவே விழுந்ததையும் உருக்கமாகப் பேசினார். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பாறைப் பக்கம் அது தானாகவே திரும்பியதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். முன்வரிசை நாற்காலிகள் அதிகாரிகளுக்கு என்பதால் நான் கடைசியில் நின்றேன். என் மனைவி மெதுவான குரலில், "ஏங்க, அதுக்கு மலர்வளையம் வைக்கிறாங்க. உங்களுக்கு ஒரு நாற்காலி போட மாட்டாங்களா?" என்று கேட்டாள். நாற்காலி போட்டாலும் என்னால் உட்கார முடியாது என்றேன். "அது எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியணும்ல" என்றாள்.

11. விழா முடிந்ததும் கேப்டனிடம் போய் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். "அட, நீ இன்னும் இருக்கியாப்பா!" என்று உண்மையாகவே மகிழ்ந்தார். மேடையில் சொன்னதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்று கேட்டேன். "அதெல்லாம் ஆபீஸ் விஷயம்பா. நான் ரிட்டயர் ஆயி எவ்வளவு நாளாச்சு. அவங்க பார்த்துப்பாங்க" என்றவர், தைரியமாக இருக்கும்படி என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் காரில் ஏறினார். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, வலி அடங்கும்வரை அந்த இடத்திலேயே நின்றாள்.

12. ஐயா, சிலையைப் பார்த்து எனக்குப் பொறாமை இல்லை. மேஸ்திரிக்கு அந்த மரியாதை தகும். இன்னும் பெரிதாகவே செய்திருக்கலாம். நான் கேட்பது எளிய கேள்வி. ஒரே குண்டு, ஒரே வளைவு, ஒரே கயிறு. கயிற்றின் ஒரு முனையில் இருந்த விலங்குக்கு அது எதிரியின் தாக்குதல் என்றால், மறுமுனையில் இருந்த மனிதனுக்கு அது எப்படிக் கவனக்குறைவு ஆகும்? குண்டு விழவே இல்லை என்று தங்கள் துறை இனிச் சொல்வதாக இருந்தால், கல்லைத்தான் முதலில் திருத்த வேண்டியிருக்கும்.

13. ஆகவே நான் வேண்டுவன:

அ) என் காயத்தைப் போர்க்காயமாக ஏற்று ஆணையிட வேண்டும். இயலாவிடில், சிலையில் உள்ள சொற்கள் எனக்கு ஏன் பொருந்தாது என்பதைக் காரணத்தோடு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

ஆ) எதுவாயினும் "கவனக்குறைவு" என்ற சொல்லை என் கோப்பிலிருந்து நீக்க வேண்டும். பணம் வராவிட்டாலும் இது வேண்டும்.

இ) மறுவிசாரணையைத் தரைத்தளத்தில் நடத்த வேண்டும். வாகன நிறுத்துமிடத்தில் நடத்தினாலும் சரி.

ஈ) இம்மனுவைக் "கருணை மனு" என்று தலைப்பிட்டுப் பதிய வேண்டாம். சென்ற முறை அப்படிப் பதிந்திருந்தார்கள். நான் கருணை கேட்கவில்லை.

ரேடியோக்காரர் இம்மனுவில் தாமும் எழுதுவேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். அவர் சாட்சியம் செல்லாது என்பதை நினைவூட்டினேன். செல்லாவிட்டாலும் காகிதத்தில் இடம் இருக்கிறதே என்கிறார். ஆகவே என் கையொப்பத்தின் கீழ் அவருக்கு இடம் விட்டிருக்கிறேன். திருத்தாமல் அப்படியே கோப்பில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: என் வீடு
நாள்: மாதத்தின் கடைசி வேலை நாள்

நின்றபடியே தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
முன்னாள் படைவீரர், சுமை விலங்குப் பிரிவு

சாட்சி:
சார், எனக்கு நெனவு இல்லதான். மேல அடிபட்டதுல இருந்து ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்ச வரைக்கும் ஒண்ணுமே தெரியாது. யார் கட்டுனா, யார் இழுத்தா, எதையும் நான் பார்க்கல. அந்தப் பாதையில ஒரு பக்கம் பள்ளம்னு மட்டும் தெரியும், ஏன்னா ஏறும்போது பார்த்திருக்கேன். நான் பள்ளத்துல இல்ல சார்.
(கையொப்பம்)
முன்னாள் ரேடியோக்காரர்