ஆறு மணிக் கேள்வி

ஜூன் 2, செவ்வாய்

பாஸ்டரம்மா பெண்கள் ஐக்கியத்தில் ஆளுக்கொரு நோட்டு கொடுத்து ஒரு வாரமாகிறது. காலையில் எழுந்ததும், நேற்றைக்கு இல்லாத ஒரு புது ஆசீர்வாதத்தை அதில் எழுத வேண்டுமாம். சனிக்கிழமை கூட்டத்தில் அவரவர் ஒன்றை வாசித்துக் காட்ட வேண்டுமாம். கர்த்தர் தினமும் நம்மைப் புதுப்பிக்கிறார், நாம்தான் கவனிப்பதில்லை என்றார்கள்.

நான் இரண்டு நோட்டு வைத்துக்கொண்டேன். வாசிக்க ஒன்று, பீரோ மேல். இது தையல் மிஷின் டிராயரில்.

இன்றைய ஆசீர்வாதம்: ஆறு மணிக்கு என் வீட்டுக்காரர் விழித்தார். பெரியவன் எங்கே என்று கேட்டார். செத்துவிட்டான் என்று சொன்னேன். அழுதார்.

ஜூன் 3, புதன்

கேட்டார். சொன்னேன். அழுதார். பள்ளிச் சீருடைப் பாவாடை பதினான்கு, எல்லாவற்றுக்கும் மடிப்பு இறக்க வேண்டும்.

ஜூன் 5, வெள்ளி

சின்னவள் போன் பண்ணினாள். அவள் இருக்கும் ஊரில் இருந்துகொண்டு எனக்குப் புத்தி சொல்வது சுலபம்.

"அம்மா, அண்ணன் வெளியூர் போயிருக்கான்னு சொல்லிட்டுப் போயேன். தினமும் எதுக்கு அந்த மனுஷனச் சாகடிக்கிற?"

"பொய் சொன்னா பாவம்டி. உங்கப்பாதான் சொல்லிக் குடுத்தார்."

 பிறகு பேரனுக்குப் பல் முளைத்த கதையைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

உண்மைதானே. நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்வதில்லை. பக்கவாதம் வந்து பத்து மாதம். வலது கையும் காலும் போயின, பேச்சு பாதி திரும்பி வந்தது. ஞாபகம்தான் தூங்கினால் அழிந்துவிடுகிறது. கடைசி இரண்டு மூன்று வருடமே அவருக்கு இல்லை. காலையில் கண் திறக்கும்போது அவர் கணக்கில் பெரியவன் பக்கத்து அறையில் தூங்குகிறான். அதற்கு நான் என்ன செய்வது?

முதல் தடவை கேட்டபோது நானே திக்கித் திக்கித்தான் சொன்னேன். அவர் முகம் அப்படியே இடிந்து போனதைப் பார்த்தேன். சவ அடக்கத்தன்று அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. அன்று நிமிர்ந்து நின்று, வந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டிருந்தார். கர்த்தருடைய சித்தம் என்றார். பத்து மாதமாக அந்த முகத்தைத் தினமும் பார்க்கிறேன். சொல்லப் போனால், எனக்குக் காலையில் எழுந்திருக்கவே அதுதான் காரணம்.

எழுதிவிட்டேன். அடித்து அழிக்கப் போவதில்லை.

ஜூன் 7, ஞாயிறு

நடந்ததை எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும். நேற்றுக் காலை பாஸ்டரம்மா சொல்லாமல் கொள்ளாமல் கஞ்சி கொண்டு வந்திருக்கிறார்கள். நான் உள்ளே அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், அவர் அழுதுகொண்டிருந்தார். அந்த அம்மா வெளியில் நின்று அழுகையை மட்டும் கேட்டுவிட்டு, தொந்தரவு செய்யக் கூடாதென்று பாத்திரத்தைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இன்று ஆராதனையில் மைக்கைப் பிடித்து, "நம்ம சபை மூப்பர் ஒவ்வொரு நாளும் விடியற்காலையில தேவ சமூகத்துல நொறுங்கி அழுறார். என் காதாலயே கேட்டேன். பக்கத்துல நம்ம சிஸ்டர் மெதுவா ஏதோ சொல்லிச் சொல்லி ஜெபத்துல நடத்துறாங்க," என்றார்கள்.

சபையே ஸ்தோத்திரம் சொன்னது. அடுத்த வாரம் நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். சக்கர நாற்காலியில் அவர் குனிந்த தலை நிமிரவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவது போல் சமாளித்தேன்.

ஜூன் 9, செவ்வாய்

தினமும் ஒரே மாதிரி சொன்னால் எனக்கே அலுத்துப் போகிறது. இப்போதெல்லாம் ஒரு விவரம் கூட்டுகிறேன். நேற்று, அவன் சட்டையில் ஒரு பொத்தான் மாற்றிப் போடப்பட்டிருந்ததைச் சொன்னேன். இன்று, ஒரு காலில்தான் செருப்பு இருந்தது என்று. "இன்னொண்ணு?" என்றார். "தேடவே இல்லையே நீங்க," என்றேன்.

எல்லாம் உண்மை.

ஜூன் 11, வியாழன்

பெரியவன் போய் இரண்டு வருடம்.

அவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். ஒரு நிமிடம் தாமதமானாலும் டிரைவர் பெயரைச் சிவப்பில் எழுதுவார். டிப்போவில் கடிகாரம் என்றுதான் கூப்பிடுவார்களாம். வீட்டிலும் அப்படித்தான். மாலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். ஆறு ஐம்பத்தைந்துக்குப் போன்களின் சத்தத்தை எல்லாம் அணைத்துக் கூடையில் போட வேண்டும். ஜெபத்துக்கு நடுவில் யாரும் எழுந்திருக்கக் கூடாது. கதவைத் தட்டினாலும் சரி, அடுப்பில் பால் பொங்கினாலும் சரி. ஒருவர் எழுந்தால் ஜெபம் மறுபடி முதலிலிருந்து. சின்னவள் சிறுமியாக இருந்தபோது ஒருநாள் மூத்திரத்துக்கு எழுந்து, மூன்று தடவை முதலிலிருந்து ஜெபித்தோம்.

பெரியவனுக்கு விசுவாசம் போய்விட்டது. மறைக்கத் தெரியாத பிள்ளை, நேராகச் சொல்லிவிட்டான். "ஜெபத்துக்கு உக்காராதவனுக்கு இந்த வீட்டுல இடமில்ல," என்று சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். அவன் நாலு தெரு தள்ளி அறை எடுத்துப் போனான். இவர் டிப்போவில் இருக்கும் நேரம் பார்த்து வந்து சாப்பிட்டுப் போவான். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. மூச்சுக்கு மருந்து பிடிக்கும் மிஷின் என் தையல் அறையிலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு போடா என்றால், "இருக்கட்டும்மா, வர ஒரு சாக்கு வேணும்ல," என்பான்.

அன்று மாலை ஏழு பத்துக்குக் கதவு தட்டப்பட்டது. அவர் குரலை உயர்த்தினார். அவர் அப்போது யாருக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார்? பெரியவனுக்காக. அவனைத் திரும்பக் கொண்டு வாரும் என்று. வெளியில் அவன் தட்டுகிறான், உள்ளே இவர் அவனைக் கொண்டு வரச் சொல்லிக் கர்த்தரிடம் மன்றாடுகிறார். மூச்சு இல்லாதவன் எப்படிக் கூப்பிடுவான்? தட்டத்தான் முடியும். வழக்கமாக ஏழே காலுக்கு முடிக்கிற மனுஷன் அன்று ஏழு இருபது வரை ஜெபித்தார்.

ஆமென் சொல்லிக் கதவைத் திறந்தபோது யாருமில்லை. இரண்டு தெரு தள்ளி, மருந்துக் கடைப் படியில் உட்கார்ந்திருக்கிறான். கடைக்காரர்தான் போன் பண்ணினார். பத்து நிமிஷம் முன்னாடி வந்திருந்தால் என்றார் டாக்டர். கூடையிலிருந்து என் போனை எடுத்துப் பார்த்தால் அவன் அழைப்பு மூன்று.

நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. இவர் குரல்தான் கேட்டது.

இன்று காலை இதை முழுக்கச் சொன்னேன், மருந்துக் கடைப் படி வரைக்கும். வாந்தி எடுத்தார். துடைத்தேன்.

ஜூன் 14, ஞாயிறு

சாட்சி சொன்னேன். ஒவ்வொரு காலையும் கர்த்தர் எங்களுக்குப் புதுக் கிருபை தருகிறார், என் கணவருடைய இருதயத்தை மிருதுவாக்கியிருக்கிறார், எனக்குப் பொறுமை என்னும் ஆசீர்வாதத்தை அளவில்லாமல் கொடுத்திருக்கிறார் என்றேன். மூன்று பேர் அழுதார்கள். பாஸ்டரம்மா என்னைக் கட்டிப்பிடித்து, "உங்கள மாதிரி ஒரு மனைவி கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்," என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவர், "நல்லாப் பேசின," என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று தெரியவில்லை.

ஜூன் 17, புதன்

கேட்டார். சொன்னேன்.

ஜூன் 20, சனி

கைகால் பயிற்சி கொடுக்க வரும் பெண், போகும்போது வாசலில் நின்று, "ஆன்ட்டி, ஒரு நல்ல செய்தி," என்றாள். "அங்கிளுக்கு ஞாபகம் நல்லா திரும்பியிருச்சு. நான் ஒரு மாசமா எழுதி வெச்சுப் பாக்குறேன். போன செவ்வாய்க்கிழமை நான் என்ன கலர் சட்டை போட்டிருந்தேன்னு கரெக்டா சொல்றார். நீங்க சர்ச்சுல பேசினதக்கூடச் சொன்னார். வீட்டுல கவனிக்கலயா நீங்க?"

கவனித்தேன் என்றேன்.

ஒரு மாதமா? ஒரு மாதமாக என்றால் — செருப்பு? பொத்தான்? பதினொன்றாம் தேதி? எல்லாம் தெரிந்துகொண்டேவா கேட்டார்? என்னை வைத்து விளையாடுகிறாரா இந்த மனுஷன்?

ஜூன் 21, ஞாயிறு

ஆறு மணிக்குக் கேட்டார். நான் பதில் சொல்லாமல், "நேத்து ராத்திரி என்ன சாப்டீங்க?" என்றேன்.

என்னைப் பார்த்தார்.  "ரொட்டி," என்றார். "நீ சாப்பிடல."

நான் எழுந்து போய் மிஷினில் உட்கார்ந்துகொண்டேன். ஆராதனைக்குப் போகவில்லை. பாஸ்டரம்மா இரண்டு தடவை போன் பண்ணினார்கள். எடுக்கவில்லை.

ஜூன் 22, திங்கள்

நேராகவே கேட்டேன். "தெரிஞ்சுக்கிட்டே எதுக்குக் கேட்டீங்க? என்னைப் பாத்தா எப்படி இருக்கு உங்களுக்கு?"

அவருக்கு ஒரு வாக்கியம் சேர்த்து வைக்கவே நேரமாகும். காத்திருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

"எனக்கு அது வேணும்," என்றார்.

"என்ன வேணும்?"

"எல்லாரும் மன்னிச்சாச்சுன்னு சொல்றாங்க. பாஸ்டர், சபை. கர்த்தரும் மன்னிச்சிட்டாராம். நீ ஒருத்திதான் மன்னிக்கல. அதுதான் நிஜம். காலையில அதக் கேட்டாத்தான் அன்னிக்கு நாள் ஓடுது."

 நான் கொடுத்த தண்டனையை இவர் மருந்து மாதிரி வாங்கிக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். சாவு வீட்டில்கூட எனக்கென்று ஒன்றை விட்டு வைக்காத மனுஷன். "அப்ப இனிமே சொல்ல மாட்டேன்," என்றேன். "தலைகீழா நின்னாலும் சொல்ல மாட்டேன். கெடந்து தவிங்க."

கதவு வரை போய்விட்டேன். அப்போதுதான் சொன்னார்.

"அன்னிக்கு நான் கண்ணத் தொறந்தேன்."

நின்றேன்.

"ஜெபத்துக்கு நடுவுல. முதல் முறையா. நீ என்ன பண்றேன்னு பாக்க. நீ கண்ணத் தொறந்துகிட்டு கதவத்தான் பாத்துட்டு இருந்த."

"இது உங்களுக்கு எப்பவுமே தெரியுமா?"

"நீ ஏன் பாத்தேன்னு மருந்துக் கடைக்கு ஓடுறப்பவே தெரியும். சொல்லல." மூச்சு வாங்கினார். "நீ எந்திரிப்பேன்னு பாத்தேன். நீ எந்திரிச்சிருந்தா, நான் மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சிருக்க மாட்டேன். சத்தியமா. நீ எந்திரிக்கல. நானும் நிறுத்தல. எங்க நிறுத்துறதுன்னு தெரியாம அஞ்சு நிமிஷம் கூடப் போச்சு."

ஜூன் 23, செவ்வாய்

சரி, எழுதுகிறேன். யார் பார்க்கப் போகிறார்கள்?

அது அவன் தட்டுதான். எனக்குத் தெரியும். பெற்றவளுக்குத் தெரியாதா? முதல் தட்டிலேயே தெரியும். நினைத்தேன் — என்ன நினைத்தேன்? இப்போது எழுந்தால் இவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார், எனக்கு முட்டி வலிக்கிறது, அடுப்பில் வேலை கிடக்கிறது. இன்னும் ஐந்து நிமிடம்தானே, நிற்கட்டும். ஏழு மணிக்கு ஜெபம் என்று தெரிந்தும் இந்த நேரத்திலா வருவான், அறிவு வேண்டாம்? இதைத்தான் நினைத்தேன். கோபப்பட்டேன் அவன் மேல். என் பிள்ளை வெளியில் மூச்சில்லாமல் நிற்கிறான், நான் முட்டி வலியை நினைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன்.

பத்து மாதமாகத் தினமும் இவரிடம் சொன்னேனே, ஒருநாளாவது இதைச் சொன்னேனா? ஒரு வார்த்தை கூட்டிச் சொல்வதில்லை என்று பெருமை வேறு. கூட்டவில்லை. குறைத்தேன்.

ஜூன் 24, புதன்

ஆறு மணிக்கு அவர் கேட்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். ஆறே காலுக்கு நான் கேட்டேன். பெரியவன் எங்கே என்று.

அவர் சொன்னார். திக்கித் திக்கி, ஒன்று விடாமல். என் கண் திறந்திருந்ததையும் சொன்னார்.

ஜூன் 25, வியாழன்

உடம்பு சரியில்லை. ஒன்றும் தைக்கவில்லை. அவர் இடது கையால் தண்ணீர் தம்ளரை என் பக்கம் தள்ளி வைத்தார். பாதி கொட்டியது. ஒரு வார்த்தை திட்டினேன், பிறகு மீதியைக் குடித்தேன்.

ஜூன் 27, சனி

ஐக்கியத்தில் என் முறை. பீரோ மேலிருந்த நோட்டைத் திறந்தேன். நானே எழுதி வைத்தவை, பக்கம் பக்கமாக. சுகம், சமாதானம், நல்ல தூக்கம். ஒன்றையும் வாசிக்க வாய் வரவில்லை. "இந்த வாரம் என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு உண்மையைச் சொன்னார்," என்றேன். அதோடு உட்கார்ந்துவிட்டேன். பாஸ்டரம்மா, "அல்லேலூயா," என்றார்கள். அவர்களுக்கு எது கிடைத்தாலும் அல்லேலூயாதான்.

ஜூன் 28, ஞாயிறு

சொல்வது ஒருநாள் அவர், ஒருநாள் நான் என்று ஆகிவிட்டது. பேசி வைத்துக்கொள்ளவில்லை. நேற்று அவர் சொன்னார். இன்று என் முறை.

ஆறு மணிக்குக் கேட்டார்.

"செத்துட்டான்," என்றேன். "வாசல்ல நின்னு தட்டினான். நம்ம ரெண்டு பேருக்கும் கேட்டுச்சு."

தலையாட்டினார். முகத்தைத் துடைத்துவிட்டேன், சட்டை மாட்டினேன், வலது கையைத் தூக்கி நாற்காலியில் வைத்தேன். ஆராதனைக்கு நேரமாகிறது. நாளைக்கு அவர் சொல்வார்.